பெறுமானம் ஒன்றுதான், பிறகு 45.6 × 10⁴ எப்படிப் பிழையாகும்?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் தரம் 9 படிக்கிறாள். தவணைப் பரீட்சையில் 456,000 என்ற எண்ணை விஞ்ஞான முறைக் குறிப்பீட்டில் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. பிள்ளை 45.6 × 10⁴ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைப் பிழை என்று வெட்டி, பக்கத்தில் 4.56 × 10⁵ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தகப்பன் கணிப்பானில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் ஒரே விடைதான் வருகிறது. அதோடு தன்னுடைய இரத்தப் பரிசோதனைத் தாளில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை 210 × 10³ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, "ஆஸ்பத்திரியில எழுதினாச் சரி, பிள்ளை எழுதினாப் பிழையோ சேர்?" என்று கேட்கிறார். கடைசியாக இன்னொன்று: ரியூசனில் கொடுத்த தாளில் ஓரிடத்தில் 4.5 × 10⁵ என்றும் இன்னோரிடத்தில் 4.50 × 10⁵ என்றும் இருக்கிறதாம். அந்தப் பூச்சியம் வேணுமா, வேண்டாமா?

உங்கள் கேள்வியின் அடி இதுதான் என்று எனக்குப் படுகிறது: பெறுமானம் மாறவில்லை என்றால், எழுதும் வடிவத்தை வைத்து மட்டும் ஒரு விடையைப் பிழை என்று சொல்லலாமா? நல்ல கேள்வி. வன்னிப் பாடசாலைகளில் நீண்ட காலமாகக் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்து வருகிறேன். பெற்றோர் இதைக் கேட்பது குறைவு, பிள்ளைகள் மனதுக்குள் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சந்தேகத்துக்கு இடமில்லாதது எது, ஆளுக்கு ஆள் மாறக்கூடியது எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் உறுதியானது. விஞ்ஞான முறைக் குறிப்பீட்டில் ஓர் எண்ணை இரண்டு துண்டாக எழுதுகிறோம். முன்னால் ஓர் எண், அதைப் பெருக்கிக்கொண்டு பின்னால் பத்தின் ஓர் அடுக்கு. முன்னால் நிற்கும் எண் 1 ஆகவோ 1 இலும் பெரிதாகவோ இருக்க வேண்டும்; ஆனால் 10 இலும் சிறிதாக இருக்க வேண்டும். பத்தின் தலையில் சிறிதாக எழுதும் எண், அதாவது சுட்டி, முழுவெண்ணாக இருக்க வேண்டும். நேராகவும் இருக்கலாம், மறையாகவும் இருக்கலாம், பூச்சியமாகவும் இருக்கலாம். இது எங்கள் பாடப்புத்தகத்தின் விதி மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதே விதிதான். இந்த விதிப்படி 45.6 முன்னால் நிற்க முடியாது, 0.456 உம் நிற்க முடியாது. 10 உம் நிற்க முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 × 10³ என்று எழுதினால் அதை 1 × 10⁴ என்று திருத்த வேண்டும்.

ஆகவே கேள்வி "விஞ்ஞான முறைக் குறிப்பீட்டில் எழுதுக" என்று இருந்தால், ஆசிரியர் பிழை போட்டது சரி. அங்கே கேட்கப்பட்டது பெறுமானம் இல்லை. பெறுமானம் கேள்வியிலேயே இருக்கிறது. கேட்கப்பட்டது வடிவம். பிள்ளையின் எண் பெறுமானத்தில் சரி, கேட்ட வடிவத்தில் இல்லை.

ஆனால் "விதி அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்குக் கணிதம் அதிகாரம் பண்ணுகிற பாடமாகத்தான் தெரியும். ஏன் அந்த விதி? ஒரே எண்ணை 45.6 × 10⁴, 456 × 10³, 0.456 × 10⁶ என்று எண்ணற்ற விதமாக எழுதலாம். 1 க்கும் 10 க்கும் இடையில் என்று வரம்பு போட்ட உடனே, ஓர் எண்ணுக்கு ஒரேயொரு வடிவம்தான் மிஞ்சுகிறது. ஒரேயொரு வடிவம் இருந்தால் சுட்டி வேறான இரண்டு எண்களை ஒப்பிடுவதற்குச் சுட்டியைப் பார்த்தாலே போதும். ஒரு புரோத்தனின் திணிவு ஏறக்குறைய 1.673 × 10⁻²⁷ கிலோகிராம். ஓர் இலத்திரனின் திணிவு 9.109 × 10⁻³¹ கிலோகிராம். முன்னால் 9 நிற்கிறதே என்று இலத்திரனைப் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. சுட்டியைப் பார்க்கப் பழகியவர் −27 ஐயும் −31 ஐயும் பார்த்து, புரோத்தன் ஆயிரம் மடங்குக்கு மேல் பாரமானது என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடுவார். ஏறக்குறைய 1836 மடங்கு. சுட்டி அளவைச் சொல்லுகிறது, முன்னால் நிற்கும் எண் நுணுக்கத்தைச் சொல்லுகிறது. இந்தப் பங்கீடு கலையாமல் இருக்கத்தான் அந்த வரம்பு.

இன்னொரு காரணம் உங்கள் மகளுக்கு அடுத்த வருடம் தெரியவரும். சாதாரண தரக் கணிதத்தில் நாங்கள் இன்னும் மடக்கை அட்டவணையை வைத்துத்தான் பெருக்கல், வகுத்தல் செய்கிறோம். அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள்: 1 இலிருந்து 10 வரையான எண்களுக்குத்தான் மடக்கை, அதாவது பத்தின் எத்தனையாம் அடுக்கு அந்த எண் என்பது, இருக்கிறது. 4.56 இன் மடக்கை 0.6590. அப்படியென்றால் 456 இன் மடக்கை? 456 = 4.56 × 10², எனவே 2.6590. 456,000 இன் மடக்கை 5.6590. 0.00456 = 4.56 × 10⁻³, எனவே 3 இன் மேல் கோடு போட்டு (அந்த 3 மட்டும் மறை என்று காட்ட), புள்ளிக்குப் பிறகு 6590. அட்டவணையில் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். மாறியது முன்னால் உள்ள முழுவெண் மட்டும். சிறப்பியல்பு என்று நாங்கள் சொல்லுகிற அந்த முழுவெண், விஞ்ஞான முறைக் குறிப்பீட்டின் சுட்டியேதான். தரம் 9 இல் இந்த வடிவத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குத் தரம் 10 இல் மடக்கை பாதி படித்து முடிந்த மாதிரி. பிடிக்காத பிள்ளை "எத்தனை இலக்கமோ அதில் ஒன்று குறை, பூச்சியத்தை எண்ணிக் கோடு போடு" என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரிகிறது. அதனால்தான் தரம் 9 இல் இதற்குப் பிழை போடுவதை நான் நியாயம் என்று சொல்லுகிறேன்.

மனப்பாடம் என்ற உடனே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "புள்ளி இடப்பக்கம் போனால் கூட்டு, வலப்பக்கம் போனால் கழி" என்று ஒரு வாய்ப்பாடு பல கொப்பிகளில் இருக்கிறது. அது பிழையில்லை. ஆனால் மறை எண் வரும் இடத்தில் பிள்ளைகளைக் கவிழ்த்துவிடும். 0.0456 × 10⁻³ ஐத் திருத்தச் சொன்னால், புள்ளி இரண்டு தானம் வலப்பக்கம் போகிறது, கழிக்க வேண்டும், மூன்றில் இரண்டு போனால் ஒன்று என்று 4.56 × 10⁻¹ என எழுதுவார்கள். சரியான விடை 4.56 × 10⁻⁵. நான் வகுப்பில் அந்த வாய்ப்பாட்டைச் சொல்வதில்லை. ஒரேயொரு விடயத்தைச் சொல்லுவேன்: மொத்தப் பெறுமானம் மாறக்கூடாது. முன்னால் உள்ள எண் பெரிதானால் பத்தின் அடுக்கு அதே மடங்கு சிறிதாக வேண்டும். 0.0456 ஐ 4.56 ஆக்கினால் நூறு மடங்கு பெரிதாக்கிவிட்டோம். ஆகவே 10⁻³ ஐ நூறு மடங்கு சிறிதாக்க வேண்டும், அது 10⁻⁵. மகளிடம் 45.6 × 10⁴ ஐயே இப்படிக் கேட்டுப் பாருங்கள். 45.6 ஐ 4.56 ஆக்கினால் பத்து மடங்கு சிறிது, அப்போது 10⁴ பத்து மடங்கு பெரிதாக வேண்டும், 10⁵. இடம் வலம் பார்க்கத் தேவையே இல்லை.

மறைக்குறியைப் பற்றியும் ஒரு சொல். சுட்டி மறையாக இருந்தால் எண் மறையாகிவிடாது. எண் சிறியது என்றுதான் அர்த்தம். எண்ணே மறை என்றால் குறி முன்னால் வரும். இலத்திரனின் ஏற்றம் −1.602 × 10⁻¹⁹ கூலோம்: முன்னால் உள்ள மறை ஏற்றத்தின் வகையைச் சொல்லுகிறது, சுட்டியில் உள்ள மறை அது எவ்வளவு சிறியது என்று சொல்லுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மறை எண்ணாக இருந்தால், குறியை விட்டுவிட்டு மிஞ்சும் எண் 1 க்கும் 10 க்கும் இடையில் இருந்தால் போதும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்ட அந்தப் பூச்சியம். பரீட்சையில் ஒரு புள்ளியோடு முடிகிற விடயம் இல்லை இது. பிள்ளை நாளைக்கு ஒரு காரியாலயத்திலோ ஆய்வுகூடத்திலோ வேலை செய்யும்போதும் கூட வருவது.

எங்கள் பக்கத்து உதாரணத்தையே எடுப்போம். ஒரு குளம் 100,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும் என்று ஒருவர் சொல்லுகிறார். இரணைமடு ஏறக்குறைய அந்த வரிசையில் உள்ள குளம்தான். இந்த 100,000 இல் உள்ள ஐந்து பூச்சியங்களில் எத்தனை அளந்து கண்டவை, எத்தனை இடத்தை நிரப்ப வந்தவை? அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவேளை 95,000 க்கும் 105,000 க்கும் இடையில் எங்கோ என்பதை அப்படிச் சொன்னாரா? அல்லது நன்றாக அளந்து, 99,950 க்கும் 100,050 க்கும் இடையில் என்று தெரிந்து சொன்னாரா? சாதாரணமாக எழுதும் எண்ணில் இதைக் காட்ட வழியில்லை. விஞ்ஞான முறைக் குறிப்பீட்டில் வழியிருக்கிறது. முதலாவதை 1.0 × 10⁵ என்று எழுதலாம், இரண்டாவதை 1.000 × 10⁵ என்று எழுதலாம். இடத்தை நிரப்பும் வேலையைச் சுட்டி எடுத்துக்கொண்டதால், முன்னால் உள்ள எண்ணில் பூச்சியம் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் ஒருவர் பூச்சியம் போட்டிருந்தால், "இந்த இலக்கத்தையும் நான் அளந்தேன், அது பூச்சியமாக இருந்தது" என்று சொல்லுகிறார்.

இதைத்தான் பொருளுள்ள இலக்கங்கள் என்கிறோம். 4.5 × 10⁵ இல் இரண்டு, 4.50 × 10⁵ இல் மூன்று. முதலாவது 445,000 க்கும் 455,000 க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இரண்டாவது 449,500 க்கும் 450,500 க்கும் இடையில்தான் இருக்கலாம். பத்து மடங்கு இறுக்கம். ஆகவே அந்தப் பூச்சியம் அலங்காரம் இல்லை, ஒரு கூற்று. அளந்து பார்க்காதவர் அந்தப் பூச்சியத்தைப் போட்டால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லுகிறார். அளந்தவர் அதை விட்டுவிட்டால் கஷ்டப்பட்டுப் பெற்றதை எறிந்துவிடுகிறார்.

குளத்துக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் இதில் கணிப்பான் செய்யும் கெடுதியையும் காட்டலாம். ஓர் ஏக்கர் அடி என்பது 43,560 கன அடி. கன மீற்றரில் ஏறக்குறைய 1233.48. நூறாயிரம் ஏக்கர் அடியைக் கன மீற்றருக்கு மாற்றச் சொன்னால் கணிப்பான் 123,348,000 என்று காட்டும். இன்னும் நுணுக்கமான மாற்றெண்ணைப் போட்டால் 123,348,184 என்றுகூடக் காட்டும். கடைசி நான்கு கன மீற்றர் வரை குளத்தைத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்று அந்த எண் சொல்லுகிறது. காலபோகத்துக்கு முன் வெயிலில் ஒரு பகலுக்குள் ஆவியாகிப் போகும் தண்ணீரே அந்த நான்கை எத்தனையோ மடங்கு மிஞ்சும். தொடக்கத்தில் இரண்டு இலக்கம்தான் தெரியும் என்றால் விடையிலும் இரண்டு இலக்கம்தான்: 1.2 × 10⁸ கன மீற்றர். இப்படி எழுதுகிறவருக்குத்தான் கணக்குத் தெரியும் என்று நான் சொல்லுவேன். நீண்ட எண்ணைக் கண்டு மரியாதை கொடுக்கும் பழக்கம் எங்களுக்குள் இருக்கிறது. கூட்டங்களில் வாசிக்கப்படும் அறிக்கைகளில் இப்படி ஒன்பது இலக்கம் வரும்போது, அது எதை வைத்துக் கணித்தது என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும்.

சிறிய எண்களிலும் இதே கதைதான், ஆனால் பூச்சியம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். கிணற்று நீரில் புளோரைட்டு எவ்வளவு என்று வவுனியாப் பக்கத்தில் பலர் பரிசோதிக்கக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதாவது 0.0015 கிராம், 1.5 × 10⁻³ கிராம். ஒரு கிணற்றின் விடை லீற்றருக்கு 0.00080 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் உள்ள பூச்சியங்கள் எல்லாம் இடம் நிரப்ப வந்தவை. அவை சுட்டிக்குள் போய்விடும். பின்னால் உள்ள ஒற்றைப் பூச்சியம் அளந்து வந்தது. அது நிற்க வேண்டும். 8.0 × 10⁻⁴. இதை 0.80 × 10⁻³ என்று எழுதினால் அளந்த இலக்கங்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, வடிவம்தான் பிழை; 8 × 10⁻⁴ என்று எழுதினால் வடிவம் சரி, ஆனால் ஓர் இலக்கத்தைத் தொலைத்துவிட்டோம். புள்ளி போடும் ஆசிரியர் முதலாவதை வெட்டுவார், இரண்டாவதை விட்டுவிடுவார். ஆய்வுகூடத்தில் எது கூடப் பாரதூரமானது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான்.

இங்கேதான் சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி தொடங்குகிறது. தரம் 9 பரீட்சையில் 450,000 ஐ எழுதச் சொன்னால் 4.5 × 10⁵ போதும். அங்கே 450,000 என்பது அளந்த எண் என்று யாரும் சொல்லவில்லை, வெறும் எண். பிள்ளை 4.50 × 10⁵ என்று எழுதினாலும் வடிவம் சரிதான், என் கையில் வந்தால் முழுப் புள்ளி கொடுப்பேன். வேறொருவர் கொடுப்பாரா என்பது அவர் கையில் உள்ள புள்ளித் திட்டத்தைப் பொறுத்தது. அதேபோல, நீண்ட ஒரு கணக்கின் கடைசி விடையாக 45.6 × 10⁴ வந்து, கேள்வியில் "விஞ்ஞான முறைக் குறிப்பீட்டில்" என்ற சொல் இல்லாவிட்டால், அதை வெட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. உங்கள் மகளின் கேள்வி அப்படியில்லை என்று நீங்கள் எழுதியதில் இருந்து விளங்குகிறது.

மட்டந்தட்டலும் இந்த வடிவமும் சந்திக்கும் இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுக்கி விழும் ஒன்று இருக்கிறது. 9.96 × 10⁴ ஐ இரண்டு பொருளுள்ள இலக்கங்களுக்கு மட்டந்தட்டுங்கள். 9.96 மேலே போய் 10 ஆகிறது. உடனே 10 × 10⁴ என்று எழுதிவிடுவார்கள். 10 முன்னால் நிற்க முடியாது, 1.0 × 10⁵ என்று எழுத வேண்டும். அந்த .0 ஐ விட்டால் ஓர் இலக்கம் குறைந்துவிடும்.

கூட்டல், கழித்தலில் சுட்டிகளை ஒரே அளவாக்காமல் கை வைக்கக்கூடாது. 3.2 × 10⁵ ஐயும் 4.7 × 10⁴ ஐயும் கூட்டினால் 7.9 × 10⁹ என்று எழுதிய தாள்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பெருக்கலின் விதியைக் கூட்டலுக்குள் கொண்டுவந்ததன் விளைவு. 4.7 × 10⁴ ஐ 0.47 × 10⁵ என்று மாற்றினால் கூட்டுத்தொகை 3.67 × 10⁵. இவை அளந்த எண்கள் என்றால் 3.7 × 10⁵. கவனியுங்கள், வேலையின் நடுவில் 0.47 × 10⁵ என்று விதியை மீறித்தான் எழுதினோம். நடுவில் எப்படியும் எழுதலாம், கடைசியில் ஒழுங்குபடுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடு வரியிலேயே பயந்து நின்றுவிடுவார்கள்.

வகுத்தலில் மறைச் சுட்டி வரும்போது விடையை வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆயிரம் நெல்மணி ஏறக்குறைய 25 கிராம் என்று எடுத்தால் ஒரு மணி 2.5 × 10⁻⁵ கிலோகிராம். 50 கிலோ மூடையில் எத்தனை மணி? 5.0 × 10¹ ஐ 2.5 × 10⁻⁵ ஆல் வகுக்க வேண்டும். சுட்டிகளைக் கழிக்கும்போது 1 இலிருந்து −5 ஐக் கழித்தால் 6. விடை 2.0 × 10⁶, இருபது இலட்சம் மணி. குறியை மறந்து சுட்டிகளைக் கூட்டிவிட்ட பிள்ளைக்கு 2.0 × 10⁻⁴ வரும். ஒரு மூடைக்குள் ஒரு மணியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு! வயலுக்குப் போன பிள்ளைக்கு இது உடனே உறுத்தும். அந்த உறுத்தலை வளர்ப்பதுதான் எங்கள் வேலை.

இப்போது உங்கள் இரத்தப் பரிசோதனைத் தாள். அதில் 210 × 10³ என்று இருப்பது ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் உள்ள சிறுதட்டுக்களின் எண்ணிக்கை. விஞ்ஞான முறைக் குறிப்பீட்டின் விதிப்படி அது 2.10 × 10⁵. ஆனால் ஆஸ்பத்திரியில் அப்படி எழுதாததற்கு நல்ல காரணம் இருக்கிறது. சாதாரண அளவு 150 × 10³ இலிருந்து 450 × 10³ வரை. டெங்குக் காய்ச்சல்காரருக்கு ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்க்கிறார்கள்: நேற்று 120, இன்று 95, நாளை 60. பின்னால் உள்ள 10³ மாறாமல் நிற்பதால் மருத்துவரும் தாதியும் முன்னால் உள்ள எண்ணை மட்டும் பார்த்து இறங்குகிறதா ஏறுகிறதா என்று சொல்லிவிடலாம். விதிப்படி எழுதினால் 1.2 × 10⁵, 9.5 × 10⁴, 6.0 × 10⁴ என்று வரும். 1.2 இலிருந்து 9.5 க்குப் போனதைப் பார்த்து, நித்திரை முழித்த ஒருவர் ஏறியிருக்கிறது என்று நினைத்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் சுட்டியை மாற்றாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. சில தாள்களில் 210 × 10⁹ என்றும் வரும். அது ஒரு லீற்றருக்கு. ஒரு மைக்ரோலீற்றர் 10⁻⁶ லீற்றர் என்பதால் இரண்டும் ஒன்றுதான், பயப்படத் தேவையில்லை. பொறியியலாளர்களும் சுட்டியை மூன்றின் மடங்காகவே வைத்துக்கொள்வார்கள், கிலோ, மெகா, மில்லி, மைக்ரோ என்று வாயால் சொல்ல வசதியாக. ஆகவே ஆஸ்பத்திரியும் சரி, ஆசிரியரும் சரி. ஆஸ்பத்திரி "இது விஞ்ஞான முறைக் குறிப்பீடு" என்று சொல்லவில்லை, பரீட்சைத்தாள் சொன்னது.

கணிப்பானும் கணினியும் இந்த வடிவத்தை வேறு மாதிரிக் காட்டும், அதிலும் பிழை வரும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய 1.5 × 10⁸ கிலோமீற்றர். கணிப்பான் அதை 1.5 என்று போட்டுப் பக்கத்தில் ஈ என்ற ஆங்கில எழுத்தும் 8 உம் காட்டும். பழைய வகைகள் சில, எழுத்தும் இல்லாமல் சிறிய 08 ஐ மேலே காட்டும். பார்த்ததை அப்படியே கொப்பியில் 1.5⁸ என்று எழுதினால் அது ஏறக்குறைய 25.6. பத்தைத் தாளில் எழுதியே ஆக வேண்டும். கணிப்பானில் பத்தின் அடுக்குக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானுக்குள்ளேயே "பெருக்கல் பத்து" அடங்கியிருக்கிறது. 10⁸ ஐப் போட 10 ஐ அடித்து அந்தப் பொத்தானை அழுத்தி 8 ஐ அடித்தால் 10⁹ தான் கிடைக்கும். 1 ஐ அடித்துத்தான் தொடங்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில், வைபரில் கணக்கு அனுப்பும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மேலே நிற்க வேண்டிய சுட்டி, படியெடுத்து ஒட்டும்போது கீழே இறங்கிவிடுகிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றும்போதும் இதே கதிதான். 3 × 10⁸ என்பது 3 × 108 ஆகிவிட்டால் ஒளியின் வேகம் செக்கனுக்கு 324 மீற்றர், வளியில் ஒலி போகும் வேகத்திலும் குறைவு. ஊரில் ஒரேயொரு போனை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து படிக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு வந்து சேர்வது அந்த 108 மட்டும்தான். 10^8 என்று கூரைக்குறி போட்டு அனுப்பினால் அது எந்தப் போனிலும் கலையாது.

எக்செலில் வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணை ஒரு கட்டத்தில் அடித்தால், எக்செல் அதை அளவாக எண்ணிக்கொண்டு விஞ்ஞான முறைக் குறிப்பீட்டில் சுருக்கிக் காட்டும். 12 இலக்கம் என்றால் உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். ஆனால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும், திரும்பி வராது. அடையாள எண், கணக்கு எண், தொலைபேசி எண் எல்லாம் பெயர் மாதிரி. அவற்றைக் கூட்டவும் மாட்டோம், மட்டந்தட்டவும் மாட்டோம். அடிப்பதற்கு முன் அந்த நிரலை எழுத்து வடிவமாக மாற்றி வைத்துவிட வேண்டும். நிவாரணப் பட்டியலோ காணிப் பட்டியலோ தயாரிக்கும்போது ஓர் இலக்கம் போனால் ஒரு குடும்பத்தின் பெயர் போனது மாதிரி என்று இந்த வேலைக்குப் போகும் என் பழைய மாணவர்களிடம் சொல்லி அனுப்புவேன்.

வீட்டில் இலட்சம், கோடி என்று கேட்டு வளர்ந்து, பத்திரிகையில் மில்லியன், பில்லியன் என்று வாசிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் குறிப்பீடு ஒரு பாலமாகவும் உதவும். இலட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹. 2.5 × 10⁶ ரூபா என்பது இரண்டரை மில்லியன், இருபத்தைந்து இலட்சம். இந்த நான்கு சுட்டிகளையும் மகள் கைவிரலில் சொல்லப் பழகினால் போதும், எந்த எண்ணைக் கண்டும் தடுமாற மாட்டாள்.

மகள் திருத்தி எழுதிப் பழகும்போது, ஒவ்வொரு விடையையும் விரித்து எழுதிப் பழைய எண் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கணிப்பான் தேவையில்லை. அடுத்த பரீட்சையில் 7 என்ற எண்ணை இந்த வடிவத்தில் எழுதச் சொல்லிக் கேட்டாலும் கேட்பார்கள். 7 ஏற்கெனவே 1 க்கும் 10 க்கும் இடையில்தான் இருக்கிறது. ஆகவே 7 × 10⁰. பத்தின் பூச்சியமாம் அடுக்கு 1 என்பதால் பெறுமானம் மாறாது. பூச்சியத்தை மட்டும் இந்த வடிவத்தில் எழுத வழியே இல்லை, ஏனென்றால் விதிப்படி முன்னால் நிற்கக்கூடிய எந்த எண்ணை வைத்துப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூச்சியம் வராது. அதை 0 என்றே எழுதிவிடலாம்.